முடிவிலியில் பிம்பம், ஐந்தே மடங்கு பெருக்கம்: எப்படி?

கேள்வி: ஜூலை 6, மாலை 7.40

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். பிம்பத்தின் உயரத்தைப் பொருளின் உயரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம், பிம்பத் தொலைவைப் பொருள் தொலைவால் வகுத்தாலும் அதுவே வரும் என்று பத்தாம் வகுப்பில் படித்தோம். இப்போது எளிய நுண்ணோக்கிப் பாடத்தில், பொருளைக் குவியத்திலேயே வைத்தால் பிம்பம் முடிவிலியில் விழும், உருப்பெருக்கம் என்பது கண் தெளிவாகப் பார்க்கும் மிகக் குறைந்த தொலைவான 25 செ.மீ.யைக் குவியத் தொலைவால் வகுத்தது என்கிறார்கள். குவியத் தொலைவு 5 செ.மீ. என்றால் 5 மடங்கு. பிம்பம் முடிவிலியில் இருந்தால் பழைய சூத்திரப்படி முடிவிலி மடங்கு அல்லவா வர வேண்டும்? டியூஷனில் கேட்டேன். "ரெண்டும் வேற வேற, மனப்பாடம் பண்ணிக்கோ" என்றார்கள். எது சரி?

ஜூலை 6, இரவு 9.15

இரண்டும் சரி. மனப்பாடம் வேண்டாம். பத்தாம் வகுப்புச் சூத்திரம் உயரத்தை உயரத்தோடு ஒப்பிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புச் சூத்திரம் கோணத்தைக் கோணத்தோடு ஒப்பிடுகிறது. "இத்தனை மடங்கு" என்று யார் சொன்னாலும் "எதில், எதைவிட?" என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். மீதிக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். காலையில் எழுதுகிறேன்.

ஜூலை 7, காலை 6.30

உங்கள் 5 செ.மீ. லென்ஸையே எடுத்துக்கொள்வோம். பார்க்கும் பொருள் 2 மி.மீ. உயரமுள்ள அச்செழுத்து. கண் லென்ஸை ஒட்டி இருக்கிறது.

எழுத்தை லென்ஸிலிருந்து 4.17 செ.மீ.யில் வைத்தால் மாய பிம்பம் 25 செ.மீ.யில் விழும். அதன் உயரம் 12 மி.மீ. பழைய சூத்திரப்படி 6 மடங்கு.

எழுத்தை 4.9 செ.மீ.க்கு நகர்த்துங்கள். பிம்பம் 245 செ.மீ. தூரத்துக்குப் போய்விடும். உயரம் 100 மி.மீ. இப்போது 50 மடங்கு.

4.99 செ.மீ.யில் வைத்தால் பிம்பம் கிட்டத்தட்ட 25 மீட்டர் தள்ளி நிற்கும். உயரம் 1 மீட்டர். 500 மடங்கு.

குவியத்தை நெருங்க நெருங்க இது 5,000, 50,000 என்று போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் சொன்ன முடிவிலி இதுதான். அதில் பொய் ஒன்றும் இல்லை, பிம்பம் மெய்யாகவே அவ்வளவு பெரிதாகிறது.

ஆனால் அவ்வளவு தூரமும் போகிறது. கண்ணில் விழுவது கோணம் மட்டுமே. சிறிய கோணங்களுக்கு உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் ரேடியனில் விடை வந்துவிடும். முதல் நிலையில் 12-ஐ 250-ஆல் வகுத்தால் 0.048. இரண்டாவதில் 100-ஐ 2,450-ஆல் வகுத்தால் 0.0408. மூன்றாவதில் 0.0401. லென்ஸே இல்லாமல் அந்த எழுத்தை 25 செ.மீ.யில் வைத்துப் பார்த்தால் 0.008. ஆகவே கோணப் பெருக்கம் 6, 5.1, 5.01 என்று இறங்கி 5-இல் நின்றுவிடுகிறது. உயரக் கணக்கு 6-இலிருந்து 500-க்கு ஏறும் அதே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு சற்றே குறைகிறது.

இந்த மூன்று வரிகளையும் உங்கள் கையாலேயே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். படிப்பதைவிடப் போடுவது மனதில் நிற்கும்.

ஜூலை 7, காலை 6.55

விட்டுப்போன ஒன்று. பிம்பம் 25 செ.மீ.யில் விழும்படி பொருளை வைப்பதை அண்மைப்புள்ளிக் குவியப்படுத்துதல் என்பார்கள்; அதில் பெருக்கம், 25-ஐக் குவியத் தொலைவால் வகுத்து 1 கூட்டியது. அந்த "கூட்டல் 1" எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்பதில்லை. மேலே உள்ள எண்களில் அது கண்முன்னே இருக்கிறது. 5 செ.மீ.க்குப் பதில் 4.17 செ.மீ.க்கு எழுத்தைக் கிட்டே கொண்டுவந்தோம். அவ்வளவுதான். அதற்கு விலையும் உண்டு: 25 செ.மீ.யில் இருக்கும் பிம்பத்தைப் பார்க்கக் கண் தசை இறுக வேண்டும். முடிவிலியில் இருந்தால் கண் தளர்ந்தபடியே பார்க்கும். மணிக்கணக்கில் நுண்ணோக்கியில் உட்காருகிறவர்கள் அந்த ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டு நிம்மதியைத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஜூலை 8, இரவு 10.20

கீழே ஒருவர் "லென்ஸ் கதிர்களை வளைத்துக் கோணத்தைப் பெரிதாக்குகிறது" என்று எழுதியிருக்கிறார். பல கையேடுகளிலும் இப்படித்தான் இருக்கிறது. எளிய நுண்ணோக்கியைப் பொறுத்தவரை நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2 மி.மீ. எழுத்து 5 செ.மீ. தூரத்தில் இருந்தால் கண்ணில் அது உண்டாக்கும் கோணம் 2-ஐ 50-ஆல் வகுத்தது, 0.04. லென்ஸ் இருந்தாலும் அதுதான், இல்லாவிட்டாலும் அதுதான். லென்ஸின் மையத்தின் வழியே போகும் கதிர் திரும்புவதே இல்லை.

இதை நம்பாதவர்களுக்கு நான் வகுப்பில் செய்யச் சொல்லும் சோதனை: கறுப்பு அட்டையில் ஊசியால் ஒரு சிறு துளை. துளையைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயிலிலோ மேசை விளக்கின் அடியிலோ செய்தித்தாளை முகத்துக்கு நாலைந்து செ.மீ. அருகே கொண்டுவாருங்கள். எழுத்து பெரிதாக, மங்கலாக, ஆனால் வாசிக்கும்படி தெரியும். அட்டையை எடுத்துவிட்டால் அதே இடத்தில் வெறும் கலங்கல்.

லென்ஸே இல்லாமல் பெருக்கம் வந்துவிட்டது. ஆக, பெரிதாக்குவது அருகாமைதான். லென்ஸின் வேலை அந்த அருகாமையைக் கண்ணுக்குத் தாங்கும்படி செய்வது. 5 செ.மீ.யிலிருந்து விரிந்து வரும் கதிர்களை இணையாக்கிக் கண்ணிடம் ஒப்படைக்கிறது. துளையும் கற்றையைக் குறுக்கி அதையே செய்கிறது, வெளிச்சத்தைப் பலி கொடுத்து. இந்தச் சோதனையைப் பார்த்தபின் "ஓ!" என்று சொல்லாத மாணவரை நான் பார்த்ததில்லை. பாடநூலில் படத்துக்குப் பக்கத்திலேயே இது இருக்க வேண்டும் என்று பல வருடங்களாக ஆசைப்படுகிறேன்.

ஜூலை 8, இரவு 10.45

ஒரு நிபந்தனை சேர்க்கிறேன். "கண் லென்ஸை ஒட்டி" என்று எழுதினேன் அல்லவா, அது முக்கியம். பொருள் சரியாகக் குவியத்தில் இருந்தால் கண்ணை எவ்வளவு பின்னுக்கு இழுத்தாலும் கோணம் மாறாது; காட்சிப் பரப்புதான் சுருங்கும். பொருள் குவியத்துக்கு உள்ளே இருந்தால் கண்ணைப் பின்னுக்கு இழுக்கும்போது கோணம் குறையும். வைரம் பார்ப்பவர்கள் 10 மடங்கு லூப்பை (சிறிய பூதக்கண்ணாடியை) கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை அதன் கிட்டே கொண்டுவருவதைக் கவனித்திருப்பீர்கள். 10 மடங்கு என்றால் குவியத் தொலைவு 25 மி.மீ. கிட்டே போகாமல் வேறு வழியில்லை.

ஜூலை 10, மாலை 5.10

"அந்த 25 செ.மீ. யாருடையது?" என்று கேட்டவருக்கு: யாருடையதும் இல்லை, ஒரு பொது உடன்பாடு. இளம் வயதில் 10 செ.மீ.யிலேயே தெளிவாகப் பார்க்கிறவர்கள் உண்டு. வெள்ளெழுத்து வந்தவர்களுக்குக் கண்ணாடி இல்லாமல் 1 மீட்டர்கூட ஆகும்.

இதன் விளைவு அழகானது. அதே 5 செ.மீ. லென்ஸ், முடிவிலிக் குவியம். 10 செ.மீ.யில் பார்க்க முடிந்தவருக்கு அது கொடுக்கும் உண்மையான ஆதாயம் 2 மடங்கு. 1 மீட்டர்க்காரருக்கு 20 மடங்கு. லென்ஸில் எதுவும் மாறவில்லை, ஒப்பிடும் அளவுகோல் மாறியது. வீட்டில் பேரன் "இதுல ஒண்ணும் பெருசா தெரியல தாத்தா" என்று சொல்லி லென்ஸைக் கீழே வைப்பதும், தாத்தா அதை விடாமல் பிடித்துக்கொள்வதும் இதனால்தான். இருவர் சொல்வதும் உண்மை.

10 டையாப்டர் லென்ஸை, அதாவது குவியத் தொலைவு 10 செ.மீ. உள்ளதை, கடையில் ஒருவர் 2.5 மடங்கு என்பார், இன்னொருவர் 3.5 என்பார். அதற்கும் மேலே சொன்ன "கூட்டல் 1"தான் காரணம்.

ஜூலை 11, காலை 7.05

குறியைப் பற்றி. ஒரு மாணவி எழுதியிருக்கிறார்: "உருப்பெருக்கம் −2 என்று விடை வந்தது. −2 என்பது 1-ஐ விடச் சிறியது, ஆகவே சிறிதாக்கப்பட்ட பிம்பம் என்று எழுதினேன். மதிப்பெண் போய்விட்டது."

எண்கோட்டைப் பார்த்தால் அவர் நினைத்தது நியாயமாகத்தான் படும். ஆனால் இங்கே குறி ஒரு செய்தி, எண் இன்னொரு செய்தி. கழித்தல் குறி "தலைகீழ்" என்கிறது. 2 என்பது "இரு மடங்கு" என்கிறது. இரண்டையும் தனித்தனியாக வாசியுங்கள்.

20 செ.மீ. குவிலென்சில் மெழுகுவர்த்தியை 30 செ.மீ.யில் வைத்தால் திரை 60 செ.மீ.யில் நிற்கும், −2. மெழுகுவர்த்தியை 60 செ.மீ.க்கு மாற்றினால் திரை 30-க்கு வரும், −½. 40-இல் வைத்தால் இரண்டும் 40, விடை −1. ஒரே லென்ஸ், மூன்று விடைகள். உயரப் பெருக்கம் என்பது லென்ஸின் மேல் எழுதி ஒட்டக்கூடிய எண்ணே அல்ல என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 30-இல் இருக்கும் பொருளை 31-க்கு நகர்த்தினால் பிம்பம் 60-இலிருந்து 56.4-க்கு வரும். 29-க்கு நகர்த்தினால் 64.4. ஒரு செ.மீ. ஆழம் ஏறக்குறைய 4 செ.மீ. ஆகிறது. உயரத்தில் 2 மடங்கு என்றால் ஆழத்தில் 2-இன் வர்க்கம். ஒரு கனசதுரத்தின் பிம்பம் கனசதுரமாக இருக்காது. தேர்வில் வராது, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஜூலை 13, இரவு 11.30

தொலைநோக்கிக்கு வருவோம். இதில்தான் உயரக் கணக்கு முற்றிலும் கைவிட்டுவிடுகிறது.

என்னிடம் 60 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட ஒரு சிறிய தொலைநோக்கி இருக்கிறது. நிலாவின் விட்டம் 3,474 கி.மீ. பொருளருகு லென்சு குழாய்க்குள் உண்டாக்கும் நிலாவின் பிம்பம் சுமார் 6 மி.மீ. அதாவது ஏறக்குறைய 55 கோடியில் ஒரு பங்கு. இதைப் "பெருக்கம்" என்று யாராவது சொல்வார்களா?

ஆனால் அந்த 6 மி.மீ. பிம்பம் என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கண்ணருகு லென்சைக் கழற்றிவிட்டு 25 செ.மீ. பின்னாலிருந்து வெறுங்கண்ணால் அந்தப் பிம்பத்தைப் பார்த்தால், வானத்து நிலாவைவிட 2.8 மடங்கு பெரிய கோணத்தில் தெரியும். 700-ஐ 250-ஆல் வகுத்தது அது. இப்போது 25 மி.மீ. கண்ணருகு லென்சை எடுத்து அதே பிம்பத்தை ஒரு பூதக்கண்ணாடியால் பார்ப்பதுபோல் பார்க்கிறேன். பூதக்கண்ணாடியின் பங்கு 250-ஐ 25-ஆல் வகுத்தது, 10. மொத்தம் 28. பாடநூல் சூத்திரப்படி 700-ஐ 25-ஆல் வகுத்தாலும் 28. நடுவில் இருந்த 250 அடிபட்டுப் போகிறது! தொலைநோக்கிச் சூத்திரத்தில் ஏன் 25 செ.மீ. இல்லை என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

கண்ணருகு லென்சு இல்லாமல் பார்க்கலாமா என்று சந்தேகப்படுபவர்கள் நிலா முழுதாக இருக்கும் இரவில் ஒரு டிரேசிங் தாளைக் குவியத்தில் பிடித்துப் பாருங்கள். தாளில் சின்ன நிலா வந்து உட்காரும். சூரியனிடம் மட்டும் இதைச் செய்யவே கூடாது, தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.

ஜூலை 14, காலை 8.00

சூரியன் என்றதும் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நினைவுக்கு வந்தது. 1899-இல் தொடங்கிய அந்த ஆய்வகத்தில் ஒரு கோபுரச் சுரங்கத் தொலைநோக்கி இருக்கிறது. கோபுரத்தின் மேலுள்ள கண்ணாடிகள் சூரிய ஒளியைக் கீழே இறக்கிச் சுரங்கத்துக்குள் அனுப்புகின்றன. அங்கே 38 செ.மீ. விட்டமுள்ள லென்ஸ், குவியத் தொலைவு 36 மீட்டர். கிடைக்கும் சூரிய பிம்பத்தின் விட்டம் சுமார் 34 செ.மீ. கிட்டத்தட்ட 14 லட்சம் கி.மீ. அகலமுள்ள ஒன்றை ஒரு தாம்பாளத்தின் அகலத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். உயரக் கணக்கில் 400 கோடியில் ஒரு பங்கு. அந்தப் பிம்பத்தில் ஒரு கரும்புள்ளியை 25 செ.மீ.யிலிருந்து பார்த்தால் கோணக் கணக்கில் 144 மடங்கு. கண்ணருகு லென்சே கிடையாது.

இப்படிப்பட்ட இடங்களில் "எத்தனை மடங்கு" என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள். காவலூரில் உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியிலும் அப்படித்தான். பிம்பம் விழும் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் வானத்தின் எத்தனை வில்விநாடிக்கு (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) சமம் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். கண்ணுக்குப் பதில் கேமரா உட்கார்ந்துவிட்டால் கோணப் பெருக்கத்துக்கு அங்கே வேலையில்லை.

ஜூலை 16, மாலை 6.25

சமதளக் கண்ணாடியைப் பற்றி யாரோ கேட்டிருந்தார்கள், "உருப்பெருக்கம் 1 என்றால் சுவாரசியமே இல்லையே?" இருக்கிறது. குளித்து முடித்ததும் ஆவி படிந்த கண்ணாடியில் உங்கள் முகத்தின் ஓரத்தை விரலால் வரையுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரைய வேண்டும். பிறகு அந்த வட்டத்தை ஸ்கேலால் அளந்தால் முகத்தில் சரிபாதி இருக்கும். பின்னுக்கு நகர்ந்து மறுபடி வரைந்தாலும் பாதிதான். பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் அதே தூரத்தில் முழு அளவில் நிற்கிறது. கண்ணாடி சரியாக நடுவழியில் இருக்கிறது.

வண்டிகளின் பக்கவாட்டுக் குவியாடி இதைவிடச் சுவையானது. வளைவு ஆரம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் பின்னால் 1.5 மீட்டர் உயரக் கார். பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் வெறும் 95 செ.மீ.யில், 7 செ.மீ. உயரத்தில் இருக்கும். காரைவிடப் பிம்பம் மிக மிக அருகே! ஆனால் கண்ணாடியிலிருந்து 1 மீட்டரில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு அதன் கோணம் 0.037 ரேடியன். அதே கோணத்தை நேரில் உண்டாக்க அந்தக் கார் 41 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கார் என்ன அளவு என்பது மூளைக்குத் தெரியும், ஆகவே கோணத்தை வைத்துத் தூரத்தைத் தீர்மானிக்கிறது. கண்ணாடியில் தெரிவதைவிடப் பொருள்கள் அருகில் உள்ளன என்ற எச்சரிக்கை இதற்காகத்தான்.

ஜூலை 17, இரவு 9.40

மறுபடி முதல் கேள்வி. இரண்டு பெருக்கங்களும் ஒன்று சேரும் ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்டவர் நன்றாகக் கேட்டார். இரண்டு இடங்கள் இருக்கின்றன.

ஒன்று விழித்திரை. கண்ணின் ஒளியியல் தூரத்தை 17 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால், 25 செ.மீ.யில் உள்ள அந்த 2 மி.மீ. எழுத்து விழித்திரையில் 0.136 மி.மீ. பிம்பத்தை உண்டாக்கும். 5 செ.மீ. லென்ஸோடு 0.68 மி.மீ. உயரத்தை உயரத்தால் வகுத்தால் 5. கோணப் பெருக்கம் என்பது விழித்திரையில் நடக்கும் உயரப் பெருக்கம்தான்.

இன்னொன்று கூட்டு நுண்ணோக்கி. பொருளருகு லென்சின் மேல் எழுதியிருக்கும் 40 உயரக் கணக்கு, உண்மையாகவே 40 மடங்கு நீளமான மெய் பிம்பம் குழாயில் விழுகிறது. உயரப் பெருக்கத்தை லென்ஸின் மேல் எழுத முடியாது என்று 11-ஆம் தேதி சொன்னேன். இங்கே எழுத முடிவதற்குக் காரணம், பிம்பம் விழும் இடத்தைக் குழாய் நீளம் நிலையாகக் கட்டிப்போட்டுவிடுகிறது. கண்ணருகு லென்சின் 10 கோணக் கணக்கு. இரண்டையும் பெருக்கி 400 என்கிறோம்.

400-க்கு மேல் கண்ணருகு லென்சை மாற்றிக்கொண்டே போகலாமா? போகலாம், பயனில்லை. அந்த 40 மடங்கு லென்சின் எண்துளை, அதாவது எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை அது உள்வாங்கும் என்பதைச் சொல்லும் எண், பொதுவாக 0.65. பச்சை ஒளியில் அதன் பிரிதிறன் எல்லை, அதாவது இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி, சுமார் அரை மைக்ரோமீட்டர். அதற்குள் இருக்கும் நுணுக்கம் பிம்பத்தில் இல்லவே இல்லை. இல்லாததைப் பெரிதாக்க முடியாது. ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873-இலேயே இதற்கான கோட்பாட்டை எழுதிவிட்டார். யூஎஸ்பி நுண்ணோக்கிப் பெட்டிகளில் 1000 மடங்கு என்று போடுகிறார்களே, அதில் எந்தத் திரை அளவுக்கு அந்தக் கணக்கு என்று சொல்லியிருக்கிறார்களா பாருங்கள். அதே படத்தை வகுப்பறைப் புரொஜெக்டரில் போட்டால் 30,000 மடங்கும் வரும். ஆகவே படத்தின் மூலையில் அளவுக்கோடு (உண்மை நீளம் குறித்த ஒரு கோடு) போடுங்கள். படம் எப்படி நீண்டாலும் கோடும் கூடவே நீளும்.

ஒற்றை லென்சை எளிதாக எண்ணிவிடாதீர்கள். டச்சுக்காரர் லேவன்ஹூக் செய்த ஒற்றை லென்சு நுண்ணோக்கிகளில் இன்றும் எஞ்சியிருப்பவற்றில் சிறந்தது 270 மடங்குக்கு அருகில் தரும். 250-ஐ 270-ஆல் வகுத்துப் பாருங்கள்: குவியத் தொலைவு ஒரு மி.மீ.க்கும் குறைவு. அந்த மனிதர் கண்ணை எவ்வளவு கிட்டே வைத்திருப்பார்!

ஜூலை 19, இரவு 8.15

"525 மடங்கு" என்று போட்ட தொலைநோக்கியை மகனுக்கு வாங்கலாமா என்று ஒரு தந்தை கேட்கிறார். விளம்பரத்தில் உள்ள அளவுகள் என்னுடையதைப் போலவே 60, 700. 4 மி.மீ. கண்ணருகு லென்சு போட்டால் 175. கூட வரும் 3 மடங்கு பார்லோ லென்சை (கண்ணருகு லென்சுக்கு முன்னால் பொருத்திப் பெருக்கத்தைக் கூட்டும் துணை லென்சை) சேர்த்தால் 525. கணக்கு சரி. ஆனால் 60 மி.மீ. துளையில் 120 மடங்குக்கு மேல் மங்கலைத்தான் பெரிதாகப் பார்ப்பீர்கள். தொலைநோக்கியை வாங்குங்கள், பார்லோவைப் பெட்டியிலேயே விடுங்கள். 20 மி.மீ. லென்சில் 35 மடங்கில் சனியின் வளையம் தெரியும். பையன் குதிப்பான்.

ஜூலை 20, காலை 6.50

பெருக்கத்தை வீட்டிலேயே அளக்க முடியுமா என்ற கேள்விக்கு இரண்டு வழி.

முதல் வழி கலிலியோ 1610-இல் எழுதியது. சுவரில் ஒரு சிறிய வட்டமும் ஒரு பெரிய வட்டமும் ஒட்டுங்கள். ஒரு கண்ணால் தொலைநோக்கி வழியே சிறியதையும், மறு கண்ணால் நேரே பெரியதையும் ஒரே நேரத்தில் பாருங்கள். இரண்டும் ஒரே அளவாகத் தெரிந்தால், விட்டங்களின் விகிதம்தான் பெருக்கம். விட்டத்தில் 20 மடங்கு என்றால் பரப்பில் 400 மடங்கு என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். விற்பவர் எந்த எண்ணைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதன் அவசியம் அன்றைக்கே இருந்திருக்கிறது. 28 மடங்குக்குச் சுவர் போதாது. 8 மடங்கு பைனாகுலரில் செய்யுங்கள், மாடிச் சுவர் போதும்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. தொலைநோக்கியைத் தூரத்துப் பொருளுக்குக் குவியப்படுத்திவிட்டு, சூரியனுக்கு எதிர்ப்பக்க வானத்தை நோக்கித் திருப்புங்கள். கண்ணருகு லென்சுக்குப் பின்னால் ஒரு சிறிய பிரகாசமான வட்டம் காற்றில் நிற்கும். டிரேசிங் தாளில் பிடித்து அளங்கள். பொருளருகு லென்சின் விட்டத்தை அந்த வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் பெருக்கம். 10×50 பைனாகுலரில் அது 5 மி.மீ. இருக்கும்.

ஜூலை 20, மாலை 4.30

இரண்டாவது வழியில் விடை 28-க்குப் பதில் 36 வந்தது என்கிறார் ஒருவர். மலிவான குழாய்களில் உள்ளே ஒரு வளையத் தடுப்பை வைத்து லென்சின் ஓரத்தை மறைத்திருப்பார்கள். அப்போது 60 மி.மீ. முழுதும் வேலை செய்யாது, வட்டம் சுருங்கும், விடை ஏறும். 30 மி.மீ. துளை வெட்டிய அட்டையை லென்சின் முன்னால் பொருத்தி, 60-க்குப் பதில் 30-ஐ வகுங்கள். வட்டம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும், ஆகவே பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஃபோனில் படமெடுத்து அளங்கள். அப்படிச் செய்து 28-க்கு அருகில் வந்தால், முழுத் துளையோடு எடுத்த வட்டத்தை 28-ஆல் பெருக்குங்கள். உங்கள் தொலைநோக்கியில் எத்தனை மி.மீ. உண்மையில் திறந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.